புது டேப் வாங்கும் முன் பழையதைச் சோதியுங்கள்

முதல் ஐபேட் 2010 ஏப்ரல் 3 அன்று அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. எடை 680 கிராம், தடிமன் 13.4 மில்லிமீட்டர், கேமரா கிடையாது. 14 ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம் வந்த 13 அங்குல ஐபேட் புரோவின் தடிமன் 5.1 மில்லிமீட்டர்தான். அதிலுள்ள எம்4 சிப்பில் 2,800 கோடி டிரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. இரண்டு கருவிகளின் விவரக் குறிப்புகளையும் ஒப்பிட்டால் ஏறக்குறைய எல்லா எண்ணும் மாறியிருக்கும். ஒன்று மட்டும் மாறவில்லை. வைஃபையில் இணையம் பார்த்தால் ஒரு முழு சார்ஜ் 10 மணி நேரம் வரை வரும் என்று ஆப்பிள் 2010இல் சொன்னது. 2024இலும் அதையேதான் சொன்னது.

அந்த 10 மணி நேரத்தை நிலையாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றியே வடிவமைத்திருக்கிறார்கள் என்பது பேட்டரி அளவுகளைப் பார்த்தாலே விளங்கும். 2010 ஐபேட்டின் பேட்டரி 25 வாட்-மணி. 2012இல் திரையின் புள்ளிகள் 4 மடங்கானபோது, அதே 10 மணி நேரத்தைத் தர 42.5 வாட்-மணி தேவைப்பட்டது. 2025இல் வந்த சாதாரண ஐபேட்டில் சுமார் 29 வாட்-மணியே போதுமானதாக இருக்கிறது. சிப் சிக்கனமானபோதெல்லாம் அந்த மிச்சம் உடலை மெலிதாக்கவும் எடையைக் குறைக்கவும் போனது. நாம் பயன்படுத்தும் நேரம் கூடவில்லை.

ஜூனில் பள்ளிகள் திறக்கும்போதும் தீபாவளித் தள்ளுபடி தொடங்கும்போதும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: பழைய டேப்பைக் கொடுத்துவிட்டுப் புது மாடல் வாங்கலாமா? பாடம் கேட்க, படிக்க, படம் பார்க்க, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளோடு வீடியோ காலில் பேச டேப் வைத்திருக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். புது மாடலில் என்ன கூடியிருக்கிறது என்று கடையில் கேட்பதற்கு முன், கையில் இருப்பதில் எது தேய்ந்திருக்கிறது என்று வீட்டில் பார்க்க வேண்டும். அதற்கு அறிவியல் காரணங்கள் இருக்கின்றன.

மாற்றம் கைக்குத் தெரிந்த ஆண்டுகள்

ஒரு காலத்தில் புது மாடல் வாங்குவது முற்றிலும் நியாயமாக இருந்தது. இந்தியாவிலேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மாணவர்களுக்கு மலிவு விலையில் டேப் தரும் நோக்கத்தோடு மத்திய அரசு 2011 அக்டோபர் 5 அன்று ‘ஆகாஷ்’ கருவியை அறிமுகப்படுத்தியது. 7 அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் சிப், 256 எம்பி ரேம். அதன் தொடுதிரை அழுத்தத்தால் வேலை செய்யும் வகை. மேலே ஒரு மெல்லிய படலம், கீழே இன்னொன்று. விரலால் அழுத்தி இரண்டும் ஒட்டினால்தான் தொட்ட இடம் எது என்று கருவிக்குத் தெரியும். வருடினால் போதாது, அழுத்த வேண்டும்.

2012 நவம்பர் 11 அன்று வந்த ஆகாஷ் 2இல் திரை மின்தேக்க வகைக்கு மாறியது. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. அதனால் கண்ணாடி மீது விரல் பட்டவுடன் அந்த இடத்தின் மின்புலம் மாறுகிறது. அழுத்தமே தேவையில்லை. சிப் 1 கிகாஹெர்ட்ஸாகவும் ரேம் 512 எம்பியாகவும் உயர்ந்தன. ஓராண்டு இடைவெளிதான் என்றாலும் முதலாவதையும் இரண்டாவதையும் தொட்டுப் பார்த்த எந்த மாணவருக்கும் வேறுபாட்டை யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

ஐபேட் வரிசையிலும் அப்படித்தான். 2011இல் வந்த இரண்டாவது மாடல் 8.8 மில்லிமீட்டருக்கு மெலிந்தது, கேமரா பெற்றது. 2012இல் மூன்றாவது மாடலின் திரையில் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் வந்தன. 2013இல் ஐபேட் ஏர் 469 கிராமுக்கு இறங்கியது. 2014 அக்டோபரில் வந்த ஏர் 2இன் தடிமன் 6.1 மில்லிமீட்டர், எடை 437 கிராம், ரேம் 2 ஜிபி. இந்த நான்கைந்து ஆண்டுகளில் ஒவ்வொரு மாடலும் கைக்கும் கண்ணுக்கும் தெரியும்படி முன்னேறியது. பிறகு வளர்ச்சி நின்றுவிடவில்லை. நம் புலன்கள் உணரக்கூடிய எல்லையை அது தாண்டிப் போய்விட்டது.

கண்ணின் எல்லை

நல்ல பார்வையுள்ள கண், ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு கோண இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறியும். அதைவிட நெருங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 2012 ஐபேட்டின் திரையில் ஓர் அங்குலத்துக்கு 264 புள்ளிகள். அதாவது ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே 0.1 மில்லிமீட்டரைவிடச் சற்றுக் குறைவான தூரம். இதைக் கண்ணின் கோண எல்லையோடு வைத்துக் கணக்கிட்டால், திரையை 33 சென்டிமீட்டருக்கு அப்பால் பிடித்தாலே புள்ளிகள் மறைந்து எழுத்து வழவழப்பாகத் தெரிய வேண்டும். மடியிலோ மேசையிலோ வைத்துப் பார்க்கும் டேப் பொதுவாக அதைவிடத் தள்ளியே இருக்கிறது. அங்குலத்துக்கு 132 புள்ளிகள் கொண்ட முதல் ஐபேட்டுக்கு இதே கணக்கு 66 சென்டிமீட்டர் என்று வரும். அந்தத் தூரத்தில் வைத்துக் கையால் தொட்டு இயக்குவது கடினம். 2012இல் திரை மாறியது அதனால்தான் உண்மையான முன்னேற்றம்.

இப்போது 2025இன் சாதாரண ஐபேட்டை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 264 புள்ளிகள். லட்ச ரூபாய் விலையுள்ள புரோ மாடலிலும் 264தான். 13 ஆண்டுகளாக இந்த எண்ணை உயர்த்தவில்லை. உயர்த்தினால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும், கண்ணுக்கோ ஒன்றும் புதிதாகத் தெரியாது.

அதனால் திரையின் முன்னேற்றம் வேறு திசைகளுக்குத் திரும்பியது. ஒன்று ஒளி. எல்சிடி திரையில் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். கறுப்பு நிறம் வேண்டிய இடத்தில் அந்த ஒளியைத் தடுத்துத்தான் கறுப்பாக்க வேண்டும். கொஞ்சம் கசியவே செய்யும். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது, அணைத்துவிட்டால் முழுக் கறுப்பு. ஆனால் அதிகப் பிரகாசத்தில் தொடர்ந்து ஒளிர்ந்தால் அந்த வேதிப்பொருள் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2024 ஐபேட் புரோவில் இரண்டு ஒளிரும் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுமையைப் பகிர்ந்துகொடுத்தார்கள். அதனால் 1,000 நிட் பிரகாசம் கிடைக்கிறது. சாதாரண ஐபேட்டில் 500 நிட். அருமையான பொறியியல்தான். வெளிப்புற வெளிச்சத்தில் வேலை செய்பவருக்கும் நிறத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டிய ஓவியருக்கும் அதன் பயன் கைமேல் கிடைக்கும். கூடத்தில் விளக்கொளியில் அமர்ந்து பாடம் கேட்கும் பிள்ளைக்கு 500 நிட்டே அதிகம்.

இன்னொன்று, நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பது. 60 ஹெர்ட்ஸ் திரையில் 16.7 மில்லி நொடிக்கு ஒருமுறை படம் மாறும். 120 ஹெர்ட்ஸில் 8.3 மில்லி நொடிக்கு ஒருமுறை. பக்கத்தை வேகமாக நகர்த்தும்போதும் பேனாவால் வரையும்போதும் வேறுபாடு தெரியும். திரைப்படங்களோ நொடிக்கு 24 படங்களாகவே எடுக்கப்படுகின்றன. படம் பார்க்க மட்டும் 120 ஹெர்ட்ஸுக்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

வேகத்தின் எல்லை

‘முந்தைய மாடலைவிட ஒன்றரை மடங்கு வேகம்’ என்ற விளம்பர வரியை அடுத்துப் பார்ப்போம். அது பெரும்பாலும் பொய்யல்ல. ஒரு சிப்பில் பொருத்தக்கூடிய உறுப்புகளின் எண்ணிக்கை சீரான இடைவெளியில் இரட்டிப்பாகும் என்று கார்டன் மூர் 1965இல் கணித்தார். 1975இல் அந்த இடைவெளியை இரண்டு ஆண்டுகள் என்று திருத்தினார். டிரான்சிஸ்டர் சிறுத்தாலும் ஒரே பரப்பளவுக்கான மின்செலவு கூடாது என்று ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்ட் குழுவினர் 1974இல் காட்டினார்கள். அதாவது சிறுத்துக்கொண்டே போனால் வெப்பம் கூடாமலே வேகம் கூடும். 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த இரண்டாவது விதி முடிவுக்கு வந்தது. மின்கசிவு அதிகரித்ததால் சிறுத்த சிப்புகள் சூடாகத் தொடங்கின.

டேப்புக்கு இது பெரிய கட்டுப்பாடு. மடிக்கணினியில் உள்ளதுபோல விசிறி வைக்க 5 மில்லிமீட்டர் உடலில் இடமில்லை. பின்பக்க உலோகத் தகடு வழியாகவே வெப்பம் வெளியேற வேண்டும். சிப் தன் முழு வேகத்தைச் சிறிது நேரம் காட்டும். வேலை நீண்டால் சூட்டைக் குறைக்கத் தானே வேகத்தைத் தணித்துக்கொள்ளும். பரிசோதனை மென்பொருள் காட்டும் மதிப்பெண்ணுக்கும் அன்றாடப் பயன்பாட்டுக்கும் இடைவெளி விழ இது ஒரு காரணம்.

அதைவிடப் பெரிய காரணம் நம்மிடமே இருக்கிறது. மாற்றத்தை நாம் உணர்வது, ஏற்கெனவே இருந்த அளவோடு ஒப்பிட்டுத்தான் என்று 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் வெபர் எடைகளை வைத்துச் சோதித்துக் கண்டறிந்தார். கணினிப் பயன்பாட்டில் இதற்கு ஒரு நடைமுறை அளவுகோலும் உண்டு. திரையைத் தொட்டபின் 0.1 நொடிக்குள் பதில் வந்துவிட்டால் உடனே நடந்ததாகவே மனம் எடுத்துக்கொள்ளும். ஒரு நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடிக்கு மேல் போனால் கவனம் வேறெங்கோ போய்விடும். பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதிய நூலால் இந்த எல்லைகள் பரவலாக அறியப்பட்டன.

இதை டேப்புக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு செயலி திறக்க 3 நொடி எடுத்த காலத்தில் இரு மடங்கு வேகம் என்பது ஒன்றரை நொடி மிச்சம். அதை எவரும் உணர்வார்கள். 0.1 நொடியில் நடக்கும் வேலை 0.05 நொடியில் நடந்தால் அதுவும் இரு மடங்கு வேகம்தான். உணர மட்டும் எதுவும் இல்லை. அதோடு, வீடியோ பார்க்கும்போது சிப்பின் பெரும்பகுதி சும்மாவே இருக்கிறது. வீடியோவை விரித்துக் காட்டுவதற்கென்றே தனிச் சுற்று உள்ளே உண்டு. வேலை முழுவதையும் அது பார்த்துக்கொள்ளும். பாடங்கள் புதிய சுருக்க முறைகளுக்கு மாறி, அதற்கான சுற்று பழைய சிப்பில் இல்லாதபோதுதான் வீடியோ திணறும்.

மக்கள் இதை விளக்கம் இல்லாமலே புரிந்துகொண்டார்கள். 2014இல் உலகம் முழுவதும் சுமார் 23 கோடி டேப்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2019இல் அது 14 கோடி அளவுக்குச் சரிந்தது. தொலைபேசியைப் போல டேப்பை அடிக்கடி மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. கொரோனா காலத்து இணைய வகுப்புகள் வந்த பிறகுதான் விற்பனை மீண்டும் உயர்ந்தது. அப்போது வாங்கியவற்றுக்கு இன்று ஐந்தாறு வயது. இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் ஒரே நேரத்தில் எழ அதுவும் ஒரு காரணம்.

உண்மையில் தேய்வது பேட்டரி

சிப் அவ்வளவு சீக்கிரம் முதுமை அடைவதில்லை. பேட்டரி அடைகிறது. லித்தியம் அயனி பேட்டரியைச் சாத்தியமாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்கள். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனையின் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்தில் கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படிகிறது. பேட்டரியைக் காக்கும் கவசமும் அதுதான். அது மெல்ல மெல்லத் தடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக லித்தியத்தைச் சிறைபிடித்துக்கொள்கிறது. சிறைப்பட்ட லித்தியம் இனி மின்சாரம் தராது.

1,000 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி ஐபேட் பேட்டரியை வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஒருநாள் பாதியும் மறுநாள் பாதியும் பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. அப்படிப் பயன்படுத்தும் வீட்டில் 1,000 சுற்றுகள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வர வேண்டும்.

நம் ஊரில் இந்தக் கணக்கைக் குலைப்பது வெயில். 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தும்படி ஐபேட்டின் விவரக் குறிப்பு சொல்கிறது. கத்திரி வெயிலில் வேலூரும் திருச்சியும் 40 டிகிரியைத் தாண்டுகின்றன. வேதிவினைகளின் வேகம் 10 டிகிரிக்கு ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான கணிப்பு. படலம் தடிப்பதும் வேதிவினைதான். முழு சார்ஜும் சூடும் ஒன்று சேர்ந்தால் தேய்மானம் இன்னும் வேகமெடுக்கும். சன்னலோர வெயிலில், தடித்த உறைக்குள், இரவெல்லாம் சார்ஜில் கிடக்கும் டேப்தான் சீக்கிரம் கிழடாகிறது. 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி அண்மைக்கால மாடல்கள் பலவற்றில் இருக்கிறது. உங்கள் கருவியில் அது இருந்தால் இன்றே இயக்கி வையுங்கள்.

பேட்டரியின் நிலையை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு வீடியோவை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளுங்கள். சார்ஜ் 80 சதவீதத்தில் இருக்கும்போது, பாதிப் பிரகாசத்தில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். 10 மணி நேரம் தாங்கும் என்று சொல்லி விற்கப்பட்ட கருவி புதிதாக இருந்தபோது மணிக்கு 10 சதவீதம் அளவுக்கு இறங்கியிருக்கும். இப்போது 12, 13 இறங்கினால் கவலையில்லை. 20 இறங்கினால் கொள்ளளவு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அப்போது மாற்ற வேண்டியது பேட்டரியைத்தான். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் செலவு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பின்பக்கம் உப்பியிருந்தாலோ திரை விளிம்பில் தூக்கிக்கொண்டிருந்தாலோ சோதனையே வேண்டாம். உடனே அணைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். உப்பிய பேட்டரி தீப்பற்றக்கூடியது.

‘ஸ்லோ ஆயிடுச்சு’ என்பதன் காரணம்

பழைய டேப்பைப் பற்றி வீடுகளில் அதிகம் கேட்கும் புகார் இது. பல நேரம் இதற்குக் காரணம் சிப் கிடையாது, சேமிப்பிடம். ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதியதன் மேலேயே மறுபடி எழுத முடியாது. முதலில் ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழிக்க வேண்டும். காலி இடம் தாராளமாக இருந்தால் அழிக்கும் வேலையைக் கருவி ஓய்வு நேரத்தில் செய்துகொள்ளும். இடம் நிரம்பிவிட்டால் எழுதும் ஒவ்வொரு முறையும் இருப்பதை வேறிடத்துக்கு நகர்த்தி, அழித்து, பிறகு எழுத வேண்டியிருக்கும். 32 ஜிபி சேமிப்பிடமும் மலிவான இஎம்எம்சி வகை நினைவகமும் கொண்ட டேப்கள் இதனால்தான் முதலில் திணறுகின்றன. வாட்ஸ்அப் வீடியோக்களையும் முடிந்துபோன பாடங்களையும் அழித்து ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக வைத்துப் பாருங்கள். கருவி வேகம் பெறுவது பல நேரம் அன்றே தெரியும்.

ரேம் பற்றாக்குறை வேறு வகை. பாடத்தின் வீடியோவிலிருந்து குறிப்பேட்டுக்குப் போய்த் திரும்பி வந்தால், வீடியோ முதலிலிருந்து ஏற்றப்படுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்க ரேம் போதவில்லை என்று அர்த்தம். இதை வீட்டில் சரிசெய்ய வழியில்லை. வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் கனத்துப்போகிறது என்று கணினி அறிஞர் நிக்லாஸ் விர்த் 1995இலேயே எச்சரித்தார். 2 ஜிபி, 3 ஜிபி ரேம் கொண்ட ஆண்ட்ராய்டு டேப் வைத்திருப்பவர்கள் அந்த எச்சரிக்கையை அன்றாடம் அனுபவிக்கிறார்கள். அவர்கள் புதியது தேடுவதில் நியாயம் இருக்கிறது.

அப்டேட் நிற்கும் நாள்

ஒரு டேப்பின் ஆயுளைத் தீர்மானிக்கும் மூன்றாவது பொருள் கண்ணுக்குத் தெரியாதது. 2014இன் ஐபேட் ஏர் 2, ஐஓஎஸ் 8உடன் வந்தது. 2021இல் வந்த ஐபேட்ஓஎஸ் 15 வரை அதற்குக் கிடைத்தது. 2019இன் ஏழாம் தலைமுறை ஐபேட், 2025 செப்டம்பரில் வந்த ஐபேட்ஓஎஸ் 26இன் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆண்ட்ராய்டு பக்கம் நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் வேறுபாடு மிக அதிகம். சாம்சங்கின் உயர்விலை டேப் எஸ்10 வரிசைக்கு 7 ஆண்டு ஆதரவு என்று அறிவிப்பு உண்டு. மலிவு விலை டேப்கள் பலவற்றுக்கு அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

பாதுகாப்பு அப்டேட் நின்ற கருவியில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும். அதில் வங்கிச் செயலி, யுபிஐ, ஆதார் சார்ந்த எதையும் வைக்க வேண்டாம். மின்னூல் படிக்க, பாட்டுக் கேட்க, தரவிறக்கிய பாடம் பார்க்க அதே கருவி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

மென்பொருளின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். புது மாடலில்தான் கிடைக்கும் என்று நாம் நினைக்கும் பல வசதிகள் பழைய கருவிக்கும் வந்து சேர்கின்றன. ஆப்பிள் பென்சிலால் வரையும் கோடு திரையில் தோன்ற எடுக்கும் நேரம் 20 மில்லி நொடியாக இருந்தது. 2019இல் ஐபேட்ஓஎஸ் 13 அதை 9 மில்லி நொடியாகக் குறைத்தது. அதற்காக யாரும் புதுக் கருவி வாங்கவில்லை. பல சன்னல்களில் வேலை செய்யும் முறையை 2022இல் அறிவித்தபோது எம்1 சிப் இருந்தால்தான் முடியும் என்றார்கள். எதிர்ப்பு எழுந்ததும் 2018, 2020 புரோ மாடல்களுக்கும் அதைக் கொடுத்தார்கள். ஐபேட்ஓஎஸ் 26இன் புதிய சன்னல் முறை, அந்தப் பதிப்பு ஏறும் சாதாரண ஐபேட்களிலும் இயங்குகிறது. கொஞ்சம் பொறுத்திருப்பவருக்கு நன்மை உண்டு.

செயற்கை நுண்ணறிவுதான் இன்றைய பெரிய விற்பனை வாதம். ஆப்பிள் இண்டெலிஜென்ஸ் இயங்க ஏ17 புரோ அல்லது எம் வரிசை சிப் வேண்டும். 2025இல் வந்த, 34,900 ரூபாயில் தொடங்கும் சாதாரண ஐபேட்டில் ஏ16 சிப் இருப்பதால் அதிலேயே அது கிடையாது. 2025 இறுதி வரை அது பேசும் மொழிகளில் தமிழும் இல்லை. பிள்ளைகள் பாடத்துக்குப் பயன்படுத்தும் உரையாடல் செயலிகள் பெரும்பாலும் தொலைவில் உள்ள சர்வர்களில் இயங்குகின்றன. கேள்வியை அனுப்பிப் பதிலைக் காட்டும் வேலை மட்டுமே டேப்புக்கு. ஐந்து வயதான கருவி அதை நன்றாகவே செய்யும்.

யார் வாங்கலாம்?

ஓவியர், வடிவமைப்பாளர், வீடியோ தொகுப்பவர் ஆகியோருக்குப் புதிய சிப்பும் திரையும் உழைப்பு நேரத்தை மிச்சப்படுத்தும். அவர்கள் தயங்க வேண்டியதில்லை. கண் மங்கிய பெரியவர்களுக்குப் பெரிய, பிரகாசமான திரை உண்மையான உதவி. அப்டேட் நின்றும் பணப் பரிமாற்றத்துக்கு அதையே நம்பியிருப்பவர்கள், பேட்டரி மாற்ற வழியே இல்லாதவர்கள், 3 ஜிபியோ அதற்கும் குறைவாகவோ உள்ள ரேமோடு போராடும் மாணவர்கள் ஆகியோருக்கும் புதியது தேவை.

வாங்குபவர்கள் மூன்று விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டும். பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை? பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும், எங்கே மாற்றுவார்கள்? ஆண்ட்ராய்டு என்றால், வைட்வைன் எல்1 சான்று உண்டா? திரைப்படத் தளங்களின் திருட்டுத் தடுப்பு முறை அது. எல்3 மட்டும் உள்ள மலிவு டேப்பில் திரை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் தரம் குறைந்த படத்தையே அனுப்பும். போன ஆண்டு மாடல் விலை குறைந்து கிடைத்து, அதன் அப்டேட் காலமும் நீளமாக இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே சரியான தேர்வு.

எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பதை வைத்தே விலையைக் கணக்கிட வேண்டும். 34,900 ரூபாய் டேப்பை 3 ஆண்டுகளில் மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 11,600 ரூபாய். 7 ஆண்டுகள் வைத்திருந்தால் ஆண்டுக்குச் சுமார் 5,000 ரூபாய். நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்றினாலும் நமக்கே லாபம். மாதத் தவணையும் எக்ஸ்சேஞ்ச் சலுகையும் இந்தக் கணக்கை மறைத்துவிடும். தாளில் எழுதிப் பாருங்கள்.

நாம் கேட்க வேண்டியது

ஒரு டேப் ஆண்டு முழுவதும் தினம் ஒருமுறை முழு சார்ஜ் ஆனாலும் பேட்டரிக்குள் போவது சுமார் பத்தரை யூனிட் மின்சாரம். 75 வாட் மின்விசிறி ஆறு நாள் இடைவிடாமல் சுற்றினால் செலவாகும் அளவு அது. டேப் பூமிக்குத் தரும் சுமையில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே ஏறிவிடுகிறது. சுரங்கத்திலிருந்து கோபால்ட் எடுக்கும்போதும், அலுமினியம் உருக்கும்போதும், சிப் ஆலையிலும் அது சேர்கிறது. கையில் இருப்பதை இரண்டு ஆண்டு கூடுதலாக வைத்திருப்பதே நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய சிக்கனம். 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவை உருவாக்கியது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

கருவிகள் நீண்ட காலம் உழைக்க வேண்டும் என்பதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாக்கிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்கப்படும் டேப்களின் பேட்டரி 800 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். விற்பனை நின்றபின் குறைந்தது 5 ஆண்டுகள் இயங்குதள அப்டேட்டும், 7 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்களும் கிடைக்க வேண்டும். பழுது நீக்குவது எவ்வளவு எளிது என்ற தர எழுத்து பெட்டியின் மேல் உள்ள முத்திரையிலேயே இருக்கும். இந்தியாவில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கப்பட்டது. மின்னணுப் பொருள்களுக்குப் பழுதுநீக்கத் தரக்குறியீடு வேண்டும் என்று ஆராய்ந்த குழு 2025 மே மாதம் அரசிடம் அறிக்கை அளித்தது. அந்தக் குறியீடு கட்டாயமாக வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பொதுப்பணத்தில் கருவிகள் வாங்கும் மாநிலம் நம்முடையது. அப்டேட் எத்தனை ஆண்டு, பேட்டரி கிடைக்குமா என்பதை ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதி வாங்கும் வலிமை அரசுக்கு உண்டு. லட்சக்கணக்கில் வாங்குபவர் கேட்டால் நிறுவனங்கள் மறுக்க மாட்டா.

ஒன்றிரண்டாக வாங்கும் நமக்கும் ஒரு வலிமை இருக்கிறது. அடுத்தமுறை கடைக்குப் போகும்போது மெகாபிக்சலையும் கிகாஹெர்ட்ஸையும் கேட்காதீர்கள். அப்டேட் எந்த ஆண்டு வரை, பேட்டரி விலை என்ன என்று கேளுங்கள். பதில் தெரியாத கடைக்காரரிடம் பதிலைக் கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லுங்கள். வாங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விக்கான பதிலைத்தான் நிறுவனங்கள் பெட்டியின் மேல் அச்சிடும்.